சம்பூர்ணம் நடிக்கப் போனாள்

ஜனவரி 9, வியாழன்

இன்று முதல் எழுதுவதாக முடிவு. மில்லில் ஸ்டோர்ஸ் சூப்பர்வைசராக இருந்தவரை நான் எழுதியதெல்லாம் பஞ்சு மூட்டைக் கணக்கு. இனி எழுதப்போவது ஒரு நடிகனின் குறிப்புகள். பிற்காலத்தில் தெய்வசிகாமணியைப் பற்றி யாராவது புத்தகம் போட நினைத்தால் தகவலுக்கு அலைய வேண்டியதில்லை.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை சிங்காநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடிகர் தேர்வு நடக்கிறது. வெப் சீரிஸாம். ஓய்வு பெற்ற நீதிபதி வேடத்துக்கு அறுபது வயதைத் தாண்டிய ஆள் தேவை. நான் தாண்டி ஆறு வருடமாகிறது. மில் மனமகிழ் மன்றத்தில் வருடா வருடம் நாடகம் போட்டவன். பெரும்பாலும் இன்ஸ்பெக்டர் வேடம். கடைசிக் காட்சியில் வந்து எல்லோரையும் கைது செய்வேன். நீதிபதி என்றால் பதவி உயர்வு மாதிரி.

சாயங்காலம் கண்ணாடி முன் நின்று ஒரு தீர்ப்பு வாசித்துப் பார்த்தேன். அடுக்களையிலிருந்து மனைவி சம்பூர்ணம் குரல் கொடுத்தாள். "ஏனுங்க, கொஞ்சம் மெதுவா. குக்கர் எத்தன விசில் உட்டுச்சுன்னே தெரியல."

வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் ஹாஸ்டலில் வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். அவளுக்குக் கலையைப் பற்றி என்ன தெரியும்.

ஜனவரி 12, ஞாயிறு

நன்றாகச் செய்தேன். மண்டபத்துக்கு வெளியே நின்ற டிரைவர்களுக்கே என் குரல் கேட்டதாம்.

சம்பூர்ணமும் வந்திருந்தாள். எனக்காக அல்ல. அதே பஸ்ஸில் உழவர் சந்தைக்குப் போகலாம் என்று பையோடு கிளம்பிவிட்டாள். நான் நீதிபதி வசனம் பேசும்போது, எதிரில் நிற்கும் குற்றவாளிப் பெண்ணின் வசனத்தை யாராவது படிக்க வேண்டியிருந்தது. படிக்க வேண்டிய உதவி இயக்குநர் பெண் போனில் பேசிக்கொண்டு வெளியே போய்விட்டாள். டைரக்டர் ஜெரால்டு சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க சும்மா படிங்க" என்று காகிதத்தைச் சம்பூர்ணம் கையில் கொடுத்தார்.

அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, மளிகைச் சாமான் பேர் படிப்பதுபோலப் படித்தாள். நான் மேஜையைத் தட்டி, "உனக்கு மனசாட்சி இருக்கிறதா" என்று கர்ஜித்தேன். அவள் காகிதத்திலிருந்து தலையைத் தூக்கி, கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "நீங்க கத்தி முடிச்சுட்டீங்கன்னா நான் பேசறேன்" என்றாள். அது வசனம்தான், காகிதத்தில் இருந்தது. இருந்தாலும் எனக்கு ஒரு நிமிடம் அடுத்த வரி மறந்துவிட்டது.

 ஜெரால்டு இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அப்புறம் இன்னொரு தடவை. கேமராவைக் கொஞ்சம் நகர்த்தினார்கள். என் பக்கம் வெளிச்சம் அதிகம் என்பதால் இருக்கலாம்.

சந்தைக்குப் போகும்போது நல்ல வெண்டைக்காய் எல்லாம் தீர்ந்திருந்தது. சம்பூர்ணத்துக்கு அதில் வருத்தம்.

ஜனவரி 20, திங்கள்

போன் வந்தது. என் போனில்தான் வந்தது.

ஜனவரி 21, செவ்வாய்

நேற்று எழுத மனம் வரவில்லை. தலைவலி.

அவர்களுக்குச் சம்பூர்ணம்தான் வேண்டுமாம். மாரக்கா என்று ஒரு பாத்திரம். காய்கறி மார்க்கெட்டையே கைக்குள் வைத்திருக்கும் ரவுடிகளின் தலைவி. நீதிபதிக்கு மதுரையிலிருந்து வேறு ஆள் கிடைத்துவிட்டாராம்.

சம்பூர்ணத்திடம் சொன்னேன். "எனக்கெதுக்குங்க அதெல்லாம். மாவுக்கு ஊற வெக்கோணும்" என்று எழுந்து போய்விட்டாள். நான்தான் பின்னாலேயே போய், வாசலுக்கு வந்த கலையைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று எடுத்துச் சொன்னேன். எனக்கும் ஒரு சிறு வேடம் தருவதாக ஜெரால்டு சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

திருப்பூரில் இருக்கும் மகள் சுகந்தி போனிலேயே ஐந்து நிமிடம் சிரித்தாள். "அம்மா ரவுடியா? ஹாஸ்டல் புள்ளைங்க கேட்டா, அதுல என்ன நடிப்பு இருக்குதுன்னு கேப்பாங்கப்பா."

பிப்ரவரி 14, வெள்ளி

பொள்ளாச்சி. என் முதல் படப்பிடிப்பு.

என் வேடம் பிணம்.

மாரக்காவுக்குத் துரோகம் செய்த வியாபாரி. கொலை ஏற்கெனவே நடந்துவிட்டது, அதைக் காட்டப்போவதில்லை. வெங்காய மூட்டைகளுக்கு நடுவே நான் கிடக்க வேண்டும். பக்கத்தில் மாரக்கா முக்காலியில் உட்கார்ந்து சின்ன வெங்காயம் உரித்தபடி ஆட்களுக்கு உத்தரவு போடுவாள்.

துரோகம் செய்துவிட்டோமே என்ற குற்ற உணர்வு, உயிர் பிரிந்த வேதனை, கடைசியாக ஒரு சிறு நிம்மதி, மூன்றையும் முகத்தில் கொண்டுவந்து படுத்தேன். ஜெரால்டு கேமராவில் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "சார், பொணம் நடிக்கக் கூடாது."

"அப்போ என்ன செய்யறதுங்க?"

"ஒண்ணும் செய்யாதீங்க. அதுதான் வேணும்."

ஒன்றும் செய்யாமல் இருப்பது லேசு இல்லை. முதலில் மூச்சு தெரிந்தது. பிறகு ஒரு ஈ. பிறகு வெங்காயம். தலைமாட்டில் அவள் உரிக்க உரிக்க என் கண் எரிந்து, மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்து காதுக்கு ஓடியது. உதவி இயக்குநர் பெண், "சார், பொணம் அழுவுது" என்று கிசுகிசுத்தாள்.

சம்பூர்ணம் வசனத்தை நிறுத்தவே இல்லை. "அந்தக் குடோனக் கொளுத்திப்போடு சாமி" என்று சொல்லிக்கொண்டே முந்தானையால் என் கண்ணைத் துடைத்துவிட்டு, மறுபடி வெங்காயத்தை எடுத்தாள்.  ஜெரால்டு இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். கெடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். அதுதான் வேண்டும் என்றார்.

அந்தக் கண்ணீர் என்னுடையது. இங்கே பதிவு செய்து வைக்கிறேன்.

பிப்ரவரி 20, வியாழன்

இன்று ஒரு சிக்கல். கதாநாயகனை மாரக்கா கோபத்தோடு பார்க்க வேண்டும். கதாநாயகன் இளைஞன், ஒடிசலான பையன். சம்பூர்ணத்துக்குக் கோபமே வரவில்லை. "அந்தத் தம்பி மூஞ்சியப் பாத்தா ரெண்டு இட்லி சேத்தி வெக்கலாம்னு தோணுதுங்க. எங்கிருந்து கோவம் வரும்?" என்று ஜெரால்டிடமே சொல்லிவிட்டாள்.

மதியம் வரை எடுத்தும் சரிவரவில்லை. நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கோபத்தை எப்படிக் காட்டுவது என்று பக்கத்திலிருந்த லைட்மேனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். ஜெரால்டு என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கூப்பிட்டு கேமராவுக்குப் பின்னால் நிற்க வைத்தார். "அம்மா, தம்பிய விடுங்க. இவரைப் பாத்துச் சொல்லுங்க."

ஒரே டேக்கில் முடிந்தது. லைட்மேன் தன்னை அறியாமல் இரண்டடி பின்னால் போனான்.

என் முகத்தில் என்ன கண்டு அவளுக்கு அப்படி ஒரு உணர்ச்சி வந்தது என்று சாயங்காலம் கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க. காலைல ஈரத் துண்டக் கட்டில்மேல போட்டுட்டு வந்தீங்கல்ல" என்றாள்.

அனுபவமுள்ள நடிகன் எதிரில் நின்றால் யாருக்கும் நடிப்பு வரும். அதைச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

இனி எல்லா நாளும் நான் கேமராவுக்குப் பின்னால் நிற்க வேண்டுமாம். துண்டு வெயிலில் காய்கிறது.

ஜூலை 18, வெள்ளி

தொடர் வெளியாகிவிட்டது. நாளைக்கு மின்தடை என்று அறிவிப்பு. மாவு இன்றைக்கே அரைத்தாயிற்று.

ஜூலை 27, ஞாயிறு

என்ன நடக்கிறது என்று எனக்கே புரியவில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் சம்பூர்ணத்தைப் பார்த்ததும் சிலிண்டரை இறக்காமல் கும்பிட்டார். தோளிலேயே வைத்துக்கொண்டு கும்பிட்டதால் நிலைக்கதவில் ஒரு வடு.

மாரக்கா யாரையாவது தீர்த்துக்கட்ட முடிவு செய்துவிட்டால் கத்த மாட்டாள். அவனைக் கூப்பிட்டு, "சாப்ட்டியா சாமி?" என்று கேட்பாள். அவ்வளவுதான், அடுத்த காட்சியில் அவன் இருக்க மாட்டான். அது ஊரெல்லாம் பரவிவிட்டது. பனியனில் போட்டு விற்கிறார்களாம். சுகந்தி படம் அனுப்பினாள்.

பிணத்தின் கண்ணைத் துடைக்கும் காட்சியைப் பற்றி ஒரு விமர்சகர் அரைப் பக்கம் எழுதியிருக்கிறார். கொலையாளியின் தாய்மை என்கிறார். பிணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

மச்சினன் வேலுச்சாமி வீட்டில் புது மாப்பிள்ளைக்கு ஆடி விருந்து, சொந்தமெல்லாம் வந்திருந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையிடம் சம்பூர்ணம் பழக்கதோஷத்தில், "சாப்ட்டியா சாமி?" என்று கேட்டுவிட்டாள். மாப்பிள்ளைக்குப் புரையேறிவிட்டது. பக்கத்திலிருந்த மூன்று பேர் இலையை மூடிவிட்டார்கள்.

எல்லோரும் அவளோடு படம் எடுத்துக்கொண்டார்கள். போனை என் கையில் கொடுத்துத்தான் எடுக்கச் சொன்னார்கள். நான் நன்றாகப் படம் எடுப்பதாகப் பலரும் சொன்னார்கள். ஒரு பெண், "அங்கிள், நீங்க மேடத்தோட மேனேஜருங்களா?" என்று கேட்டாள். ஜோக்காக எடுத்துக்கொண்டேன். இப்போதும் ஜோக்காகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

சுகந்தி வந்தாள். தொடர் ஸ்பானிஷ் மொழியில் எல்லாம் போகிறதாம். போட்டுக் காட்டினாள். சம்பூர்ணம் வெங்காயம் உரித்தபடி ஸ்பானிஷில் குடோனைக் கொளுத்தச் சொல்கிறாள். யாரோ ஒரு வெளிநாட்டுப் பெண்ணின் கட்டைக் குரல்.

சம்பூர்ணம் உன்னிப்பாகக் கேட்டுவிட்டு, "இவ நெம்ப அவசரப்படறா" என்றாள்.

நான் கிடக்கும் காட்சிக்குக் குரல் மாற்றத் தேவைப்படவில்லை. உலகம் முழுவதும் ஒரே நடிப்பு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சம்பூர்ணம் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது சென்னையிலிருந்து தயாரிப்பு மேனேஜர் பாஸ்கரன் கூப்பிட்டார். இரண்டாம் பாகமாம். சென்னையில் மாதக் கணக்கில் தங்க வேண்டுமாம். எனக்கு என்ன வேடம் என்று கேட்டேன். "நீங்கதான் செத்துட்டீங்களே சார்" என்று சிரித்தார்.

முறையாகப் பதில் சொல்லி வைத்துவிட்டேன். சம்பூர்ணத்தின் முழங்கால் வலியை அவர்கள் யோசிக்க வேண்டும் அல்லவா. படியேறும்போது அவளுக்கு எப்போதாவது வலிக்கும்.

மழை வரும்போலிருந்தது. வரவில்லை.

ஆகஸ்ட் 21, வியாழன்

முழங்கால் வலி என்றுதான் சொன்னேன். நடக்கச் சிரமப்படுகிறாள் என்று சேர்த்துச் சொல்லியிருக்கலாம். அதிலிருந்து யூடியூபில் எப்படி "மாரக்கா கவலைக்கிடம்" என்று வந்தது என்பது எனக்குத் தெரியாது.

காலையிலிருந்து வாசலில் ஆட்கள். வேலுச்சாமி ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக அழுதுகொண்டே உள்ளே வந்தான். அம்மியில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்த சம்பூர்ணம், "ஆருக்கு என்னாச்சு?" என்று பதறி எழுந்தாள். "உனக்குத்தான் அக்கா" என்றான்.

பத்து மணிக்குள் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் அலமாரியில் இடமில்லாமல் டிவி மேல் ஏறிவிட்டன. பழைய ஹாஸ்டல் பெண்கள் நான்கு பேர் வந்து கட்டிப்பிடித்து அழுதார்கள். மைக்கோடு ஒருவன் உள்ளே வந்து, உயிரோடு இருப்பதாக அவள் வாயாலேயே சொல்லச் சொன்னான். "உயிரோடதான் இருக்கறேன். செருப்பக் கழட்டிட்டு வா" என்றாள். அதுவும் பரவிவிட்டது.

கூட்டம் குறைந்ததும் பாஸ்கரன் கூப்பிட்டார். இந்தத் தடவை அவள் போனில்.

நான் மொட்டைமாடியில் துணி எடுக்கப் போனேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

நேற்று நான் கீழே வந்தபோது அவள் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். டிவியைப் போடவில்லை.

"முட்டி வலின்னு சொன்னீங்களா?"

"உனக்கு வலிக்கறதுதானே. நாளைக்கு அங்க போயி..."

"வலிக்கறது எனக்குத் தெரியாதுங்களா?"

கண்ணாடியைப் போட்டிருந்தாள். ஆனால் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். நான் பார்த்த கோபங்களில் இது சேர்த்தி இல்லை.

"மெட்ராசுக்கு நான் போறதுக்கு இல்லைன்னுதான் சொல்லியிருப்பேன். ஊட்ட உட்டுட்டு எப்படிப் போறதுன்னு சொல்லியிருப்பேன். ஆனா அத நான் சொல்லியிருக்கோணுமுங்க. ஹாஸ்டலுக்கு வேலைக்குப் போறப்ப உங்கப்பாவைக் கேட்டுத்தான் என்னைய உட்டீங்க. ரிட்டையர் ஆவறப்ப சுகந்தி பிரசவத்துக்குன்னு நீங்களே தேதி முடிவு பண்ணீங்க. இது ஒண்ணுதான், என்னையக் கேட்டு வந்துச்சு."

இரண்டாம் பாகத்துக்கு வேறு நடிகையைப் பேசிவிட்டார்களாம். சினிமாவில் நாற்பது வருடமாக இருக்கிறவராம்.

ஆகஸ்ட் 23, சனி

சாப்பாடு வைத்தாள். சாப்பிட்டீங்களா என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இன்றும் கேட்கவில்லை. ஹார்லிக்ஸ் குடித்தேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

சென்னை. நேற்று இன்டர்சிட்டியில் கிளம்பி வந்தேன். ஒரு வேலை இருப்பதாக மட்டும் வீட்டில் சொன்னேன். என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை.

ஜெரால்டின் அலுவலகம் வடபழனியில் ஒரு மாடியில். வழியெல்லாம் ஒரு பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தேன். குடும்பப் பொறுப்பு, முதுமை, மருத்துவர் அறிவுரை என்று மூன்று பகுதி. எதிரில் உட்கார்ந்ததும் முதல் பகுதியை ஆரம்பித்தேன். இடையில் எனக்கே அலுத்துவிட்டது.

"பொறாமைங்க" என்றேன்.

ஜெரால்டு பேனாவைக் கீழே வைத்தார்.

"இருவத்தெட்டு வருசம் மேடையில நின்னு கத்துனேன். ஒருத்தரும் ஸ்பானிஷ்ல போடல. அவ சந்தைக்குப் போற வழியில வந்து நின்னா. அதுதாங்க. அவளுக்கு முட்டில ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டு, தண்ணீர் கேட்டுக் குடித்தேன்.  மேடையில் வசனத்துக்கு நடுவே நான் தண்ணீர் கேட்டதே இல்லை.

அவர் எழுந்து கம்ப்யூட்டரைத் திருப்பி, புதிய நடிகை நேற்று நடித்துக் காட்டியதைப் போட்டார். பெரிய நடிகைதான். கண்ணை உருட்டி, பல்லைக் கடித்து, "சாப்ட்டியா சாமி?" என்றார்.

"எப்படி இருக்கு?" என்றார் ஜெரால்டு.

யோசித்தேன். "இவங்க மெரட்டறாங்க. அவ நெசமாவே கேப்பா. அவன் சாப்ட்டானான்னு அவளுக்குத் தெரியோணும். அதுக்கப்பறம்தான் மத்தது."

ஜெரால்டு கம்ப்யூட்டரை அணைத்தார். "இதை நீங்க நாலு நாள் முன்னாடி சொல்லியிருக்கலாம் சார்" என்றார். அந்த நடிகைக்கு நீதிபதியின் மனைவி வேடம் சொல்லிப் பார்ப்பதாகவும், சம்பூர்ணம் வர வேண்டும் என்றால் அதை அவளே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். நான் சொன்னால் நம்ப மாட்டாராம். நியாயம்தான்.

ஆகஸ்ட் 27, புதன்

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையையும் சொன்னேன். சம்பூர்ணம் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அது எனக்குத் தெரியாதுங்களா? பொணமாப் படுத்திருந்தப்பவே மூஞ்சியில தெரிஞ்சுச்சு" என்றாள்.

ஜெரால்டைக் கூப்பிடுவாளா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. எழுந்து அடுக்களைக்குப் போனவள் வாசற்படியில் நின்று, "ரயில்ல ஏதாச்சும் சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள்.

ஊரே பயப்படும் கேள்வி. எனக்கு உயிர் வந்தது.

செப்டம்பர் 2, செவ்வாய்

அவளே யோசித்து, அவளே கூப்பிட்டாள். பேசும்போது என்னை வெளியே போகச் சொல்லவில்லை. ஆனால் நான் போய்விட்டேன்.

வருவதாகச் சொல்லிவிட்டாளாம். முட்டிக்காகக் கீழ்த்தள வீடு கேட்டிருக்கிறாள்.

அக்டோபர் 15, புதன்

சென்னை. சாலிகிராமத்தில் வீடு. சமையல் நான். ரசம் பரவாயில்லை. சாம்பார் பற்றி அவள் கருத்துச் சொல்லவில்லை.

காலையில் அவளுக்கு வசனம் படித்துக்காட்டுகிறேன். ஏற்ற இறக்கம் இல்லாமல் படிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பகலில் வழக்கம்போல கேமராவுக்குப் பின்னால் நிற்கிறேன். தரையில் எனக்கென்று சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். இதுவரை ஏழெட்டுப் பேரை என் முகத்தைப் பார்த்துத்தான் ஒழித்துக்கட்டியிருக்கிறாள்.

டிசம்பர் 4, வியாழன்

இன்று அழுகைக் காட்சி. மாரக்காவை விட்டுப்போன புருஷன் எங்கோ செத்துப்போனதாகச் செய்தி வருகிறது. அவள் யாருக்கும் காட்டாமல் அடுக்களையில் நின்று அழ வேண்டும்.

சம்பூர்ணத்துக்கு அழுகை வரவில்லை. கிளிசரின் போட்டால் கண் சிவந்ததே தவிர, அழுகிற மாதிரி இல்லை. நான் உதவலாம் என்று என் கோட்டில் நின்றபடி சோகமாக முகத்தை வைத்துக்காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. திரும்ப எடுத்தார்கள். திரும்பவும் சிரித்தாள். யூனிட்டே சிரித்தது.

ஜெரால்டு என்னிடம் வந்து தோளில் கைபோட்டு, "சார், கொஞ்ச நேரம் வெளிய டீ சாப்பிட்டு வாங்க" என்றார்.

போனேன். ஸ்டூடியோ வாசலில் டீக்கடை. ஒரு டீ குடித்தேன். சும்மா நிற்க ஒரு மாதிரியாக இருந்ததால் இன்னொன்று குடித்தேன். திரும்பி வந்தபோது உள்ளே சத்தமே இல்லை. லைட்டுகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள். உதவி இயக்குநர் பெண் மூக்கை உறிஞ்சியபடி, முதல் டேக்கிலேயே முடிந்துவிட்டதாகச் சொன்னாள்.

வண்டியில் திரும்பும்போது மெதுவாகக் கேட்டேன். "என்னத்த நெனச்சு அழுதே?"

"ஒண்ணும் நெனைக்கலீங்க." ஜன்னல் பக்கம் பார்த்தாள். கண் இன்னும் வீங்கியிருந்தது. "நீங்க நிக்கற எடத்தப் பாத்தேன். கோடு மட்டும் இருந்துச்சு."

கோடம்பாக்கம் பாலம் வரைக்கும் நானும் என் பக்கத்து ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். 

பாலம் இறங்கும்போது அவளே பேசினாள். "நாளைக்கு அப்படி டீ குடிக்க எல்லாம் போயிராதீங்க. ரெண்டு பேர வெட்டச் சொல்ற சீனு இருக்குது. நீங்க வேணும்."

வருவதாகச் சொன்னேன்.